பிறந்த ஆண்டுக் கைக்கடிகாரம்: சேகரிப்போரின் கேள்விகளும் பதில்களும்

தாம் பிறந்த ஆண்டில் தயாரான கைக்கடிகாரம் ஒன்றையாவது தேடிப் பிடித்து வைத்துக்கொள்ள விரும்புவோர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். "இதற்கு என்ன விலை போகும்?" என்ற கேள்விகளை மட்டும் ஒதுக்கிவிட்டேன், படத்தைப் பார்த்து விலை சொல்பவரை நீங்களும் நம்ப வேண்டாம்.

கோயம்புத்தூர் வாசகர்: எந்த ஆண்டைக் கணக்கில் எடுத்துக்கொள்வது? தயாரான ஆண்டா, கடையில் விற்ற ஆண்டா?

ஒரே கைக்கடிகாரத்துக்குள் மூன்று நான்கு ஆண்டுகள் ஒளிந்திருக்கலாம். உள்ளே ஓடும் இயந்திரம் ஓர் ஆண்டில் தயாராகி, அடுத்த ஆண்டில் கேஸ் என்னும் வெளிக்கூட்டுக்குள் பொருத்தப்பட்டு, அதற்கும் அடுத்த ஆண்டில் ஏதோ ஓர் ஊரில் விற்கப்பட்டிருக்கும். இடையில் பழுது பார்த்தபோது டயலோ பின்மூடியோ வேறொன்றிலிருந்து எடுத்து மாட்டப்பட்டிருக்கவும் கூடும். ஆகவே "1974ஆம் ஆண்டு வாட்ச்" என்று விற்பவர் சொன்னால், எந்தப் பகுதியில் உள்ள எந்த எண்ணை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் இல்லையென்றால் அந்த ஆண்டு அவருடைய ஊகம் மட்டுமே. நான் இயந்திரத்தின் ஆண்டை முதலாவதாகவும், கேஸின் ஆண்டை இரண்டாவதாகவும் மதிக்கிறேன். இரண்டும் ஓராண்டு இடைவெளிக்குள் ஒத்துப்போனால் எனக்குப் போதும்.

துபாய் வாசகர்: நான் 1977 டிசம்பரில் பிறந்தவன். சீக்கோ 6139 குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் வசதியும் உள்ள கைக்கடிகாரம்) ஒன்றின் பின்மூடியில் எண் "7டி" என்று தொடங்குகிறது. இது என் மாதம்தானா?

ஆம், உங்கள் மாதமேதான். அக்காலச் சீக்கோவில் வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கத்தையும், இரண்டாவது குறி மாதத்தையும் காட்டும். ஜனவரி முதல் செப்டம்பர் வரை 1 முதல் 9. அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு முறையே ஓ, என், டி என்ற ஆங்கில எழுத்துகள். பத்தாண்டு எது என்பதை மட்டும் அந்த எண் சொல்லாது என்பதால், 7 என்பது 1967, 1977, 1987 ஆகிய மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். அங்கே இயந்திரத்தின் வகை எண் கைகொடுக்கிறது. 6139 என்ற இயந்திரம் 1969இல் அறிமுகமாகி 1970களின் இறுதி வரை தயாரானது; எனவே 1977 தவிர வேறு ஆண்டுக்கு இடமில்லை. மாதம் வரை பொருந்த வேண்டும் என்று விரும்புவோருக்கு, அதிகச் செலவில்லாத வழி சீக்கோதான். சிட்டிசனிலும் பெரும்பாலும் முதல் இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டு இலக்கங்கள் மாதம்.

சிங்கப்பூர் வாசகர்: நான் 1969இல் பிறந்தேன். அதே 6139 எனக்கும் பொருந்துமா?

உங்கள் ஆண்டு கைக்கடிகார உலகில் மிகவும் கொழுத்த ஆண்டு. ஜனவரி 10ஆம் நாள் ஸெனித் நிறுவனம் எல் பிரிமெரோ என்ற தானியங்கிக் குரோனோகிராஃபை அறிவித்தது. மார்ச் 3ஆம் நாள் ஹோயர், பிரைட்லிங் முதலானோர் கூட்டாக உருவாக்கிய காலிபர் 11 என்ற தானியங்கிக் குரோனோகிராஃப் இயந்திரம் வெளியிடப்பட்டது. சீக்கோவின் 6139உம் அதே ஆண்டில் கடைகளுக்கு வந்தது. இவற்றில் முதலாவது எது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை, தீரவும் போவதில்லை. டிசம்பர் 25ஆம் நாள் டோக்கியோவில் விற்பனைக்கு வந்த சீக்கோ அஸ்ட்ரான், உலகின் முதல் குவார்ட்ஸ் (பேட்டரியில் ஓடும்) கைக்கடிகாரமாக, மேற்சொன்ன எல்லாவற்றின் சந்தையையும் சில ஆண்டுகளிலேயே ஆட்டம் காண வைத்தது.

6139இல் உங்களுக்கு ஒரு சிக்கல் உண்டு: 9 என்று தொடங்கும் எண் 1969ஆகவும் இருக்கலாம், 1979ஆகவும் இருக்கலாம். டயலில் உள்ள சிறிய எழுத்தைப் பாருங்கள். தொடக்ககாலத்தவற்றில் எழுபது மீட்டர் "வாட்டர் ப்ரூஃப்" என்று அச்சிட்டிருப்பார்கள். பின்னர் அந்தச் சொல்லைக் கைவிட்டு "ரெசிஸ்ட்" என்று மாற்றிக்கொண்டார்கள். டயலிலும் பின்மூடியிலும் "ப்ரூஃப்" இருந்து, எண்ணும் 9இல் தொடங்கினால் அது உங்கள் ஆண்டு. டயலில் ஒன்றும் பின்மூடியில் மற்றொன்றும் இருந்தால், இரண்டு கைக்கடிகாரங்கள் சேர்ந்து ஒன்றானதைத்தான் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். மஞ்சள் டயல் கொண்டவற்றில் கூடுதல் எச்சரிக்கை தேவை. 1973இல் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்துக்கு வில்லியம் போக் அப்படியொன்றை அணிந்து சென்ற செய்தி பரவிய பிறகு, புதிதாக அச்சடித்த மஞ்சள் டயல்கள் பெருகிவிட்டன.

திருச்சி வாசகர்: என் தந்தையார் 1958இல் பிறந்தவர். அவருக்குப் பிறந்த ஆண்டு எச்.எம்.டி. ஒன்றைப் பரிசளிக்க விரும்புகிறேன்.

அப்படி ஒன்று கிடைக்காது, ஐயா. ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனம் ஜப்பானின் சிட்டிசனுடன் சேர்ந்து பெங்களூரில் கைக்கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கியதே 1961இல்தான். 1958 என்றால் அக்காலத்தில் இந்தியக் கடைகளில் விற்ற ஃபாவ்ரே லூபா, வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி போன்ற சுவிஸ் பெயர்களைத் தேடலாம். ஆண்டு உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் அமெரிக்காவின் புலோவா நல்லது: பின்மூடியில் எல் என்ற எழுத்து 1950களையும், எம் 1960களையும், என் 1970களையும் குறிக்கும், எழுத்தை அடுத்து வரும் இலக்கம் ஆண்டு. "எல்8" என்று இருந்தால் 1958.

மதுரை வாசகர்: 1971இல் தயாரான எச்.எம்.டி. பைலட் என்று இணையத்தில் ஒன்று மிக மலிவாகக் கிடைக்கிறது. டயல் புத்தம் புதிதாக மின்னுகிறது. வாங்கலாமா?

ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வெயிலும் வியர்வையும் பட்ட டயல் மின்னாது. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் மறுபடி வண்ணம் பூசி எழுத்து அச்சடித்த டயலாக இருக்கும். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இத்தகையவற்றுக்கு "மும்பை ஸ்பெஷல்" என்று பெயரே வைத்துவிட்டார்கள். அதில் கொஞ்சம் ஏளனம் உண்டு. ஆனால் ஓடாத பத்திலிருந்து ஓடும் மூன்றை உண்டாக்கத் தெரிந்த கைத்திறமையில் எனக்கு ஏளனம் இல்லை. கலந்து கட்டியதை "அசல்" என்று சொல்லி விற்பதில்தான் குற்றம்.

பைலட்டில் இந்தக் கலப்பு மிக எளிது. சிட்டிசன் வடிவமைப்பில் உருவான, சாவி கொடுக்கும் 17 கல் (தேய்மானத்தைக் குறைக்கும் சிறு கற்கள்) இயந்திரமே எச்.எம்.டி.யின் மற்றொரு வகையான ஜனதாவிலும் பைலட்டிலும் ஓடியது. அதிகம் கிடைக்கும் ஜனதா ஒன்றில் பைலட் டயலையும் முட்களையும் மாட்டினால் வேலை முடிந்தது. பூதக்கண்ணாடியில் பாருங்கள்: எழுத்துகளின் விளிம்பு கசிந்திருக்கிறதா, நிமிடக் கோடுகள் சம இடைவெளியில் இருக்கின்றனவா, முட்களின் ஒளிப்பூச்சும் டயலின் ஒளிப்பூச்சும் ஒரே அளவு பழுத்திருக்கின்றனவா என்று கவனியுங்கள். ஆரஞ்சு, கிளிப்பச்சை போன்ற நிறங்களில் பைலட் வந்தால் மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம். எச்.எம்.டி.யைப் பொறுத்தவரை ஆண்டுக்கு நான் ஏற்கும் சான்று பில்லும் உத்தரவாத அட்டையும்தான்.

தஞ்சாவூர் வாசகர்: பின்மூடியில் "25 ஆண்டுப் பணி, 1983" என்று பொறித்திருக்கிறது. இது 1983 வாட்ச்தானே?

1983க்குப் பிந்தியதல்ல என்பது மட்டும் உறுதி, அதுவும் பின்மூடி மாறாமல் இருந்தால். ஆனால் நினைவுப் பரிசுகளைப் பெரும்பாலும் புதிதாக வாங்கியே பொறிப்பார்கள் என்பதால், நானாக இருந்தால் ஏற்றுக்கொள்வேன்.

சென்னை வாசகர்: ஒமேகா, ரோலெக்ஸ் ஆகியவற்றில் ஆண்டை எங்கே பார்ப்பது?

ஒமேகாவில் எண் இயந்திரத்தின் மேல் இருக்கும். பின்மூடியைத் திறந்துதான் ஆக வேண்டும். சேகரிப்பாளர்கள் பயன்படுத்தும் எண் பட்டியல்கள் தோராயமானவை என்பதால் ஓரிரு ஆண்டு முன்பின் இருக்கும். பழைய ரோலெக்ஸில் பட்டை மாட்டும் இடத்தில், ஆறு மணிப் பக்கம், கேஸிலேயே எண் இருக்கும். 1950களின் நடுவிலிருந்து 1970களின் தொடக்கம் வரை பின்மூடியின் உட்புறத்தில் காலாண்டை ரோமன் எண்ணாலும் ஆண்டை இரண்டு இலக்கங்களாலும் பொறித்திருப்பார்கள். திறப்பதை நீங்கள் வீட்டில் முயல வேண்டாம்.

லண்டன் வாசகர்: என் பாட்டனார் வாங்கிய 9 காரட் தங்க வாட்சின் உள்ளே நங்கூரச் சின்னமும் ஓர் எழுத்தும் உள்ளன. அதிலிருந்து ஆண்டு தெரியுமா?

தெரியும். நங்கூரம், தங்கம் வெள்ளியின் தரத்தைச் சோதித்து முத்திரையிடும் பர்மிங்காம் தரச்சோதனை அலுவலகத்தின் முத்திரை. சிறுத்தைத் தலை லண்டனுடையது. அருகில் உள்ள எழுத்து ஆண்டைக் குறிக்கும். எழுத்தின் வடிவமும் அதைச் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவமும் சேர்ந்தே, அந்த எழுத்து அகரவரிசையின் எந்தச் சுற்றைச் சேர்ந்தது என்பதைக் காட்டும் என்பதால், எழுத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. 1975 முதல்தான் எல்லா அலுவலகங்களும் ஜனவரியில் எழுத்தை மாற்றின. அதற்கு முன் பர்மிங்காமில் ஆண்டின் நடுவில் மாறியதால், ஓர் எழுத்து இரண்டு ஆண்டுகளின் பகுதிகளைத் தழுவும். இந்த முத்திரை கேஸின் ஆண்டையே சொல்கிறது. சுவிஸ் இயந்திரத்துக்கு இங்கிலாந்திலேயே கேஸ் செய்து பொருத்தும் வழக்கம் அன்று பரவலாக இருந்தது.

யாழ்ப்பாணம் வாசகர்: 1950களின் வாட்சில் ரேடியப் பூச்சு இருக்கும் என்கிறார்கள். என்னுடையது இருட்டில் ஒளிரவில்லை. ஆகவே ஆபத்து இல்லையென்று எடுத்துக்கொள்ளலாமா?

அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒளிர்வது ரேடியம் அன்று, அதனுடன் கலந்த துத்தநாக சல்ஃபைடு. அது நாளடைவில் களைத்துப்போய்விடும். ரேடியத்தின் அரைவாழ்வு ஏறத்தாழ 1600 ஆண்டுகள் என்பதால் அதன் கதிரியக்கம் அப்படியே இருக்கிறது. கண்ணாடியைக் கழற்றுவதும், பூச்சைச் சுரண்டுவதும், உதிர்ந்த தூளை மூச்சில் இழுப்பதும்தான் பெரும் ஆபத்து. ரேடியத்துக்கு மாற்றாக 1960களில் வந்த டிரிட்டியத்தின் அரைவாழ்வு சுமார் 12 ஆண்டுகளே. டயலின் அடியில் "ஸ்விஸ்" என்ற சொல்லுக்கு இருபுறமும் டி என்ற எழுத்து இருந்தால் அது டிரிட்டியம்.

சேலம் வாசகர்: என் மகள் 1999இல் பிறந்தாள். அந்த ஆண்டு வாட்சைத் தேடுவதில் பொருள் உண்டா?

ஏன் இல்லை? 1996இல் அறிமுகமான 7எஸ்26 இயந்திரம் ஓடும் சீக்கோ 5 ஒன்றைத் தேடுங்கள். எண் 9இல் தொடங்க வேண்டும். அது 2009ஆகவும் இருக்கலாம் என்பதால் இயந்திரத்தில் பொறித்த வகையைச் சரிபாருங்கள்: ஏ என்ற எழுத்தில் முடிவது முதல் தலைமுறை, பி, சி ஆகியவை பிந்தியவை.

மீண்டும் திருச்சி வாசகர்: வாங்கிய பிறகு அப்பா அதை அன்றாடம் அணியலாமா?

முதலில் ஆயில் சர்வீஸ் செய்யுங்கள். உள்ளே எண்ணெய் காய்ந்த நிலையில் ஓட ஓடப் பற்சக்கரங்களின் அச்சு தேயும். கேஸுக்குப் பாலிஷ் போட வேண்டாமென்று கடைக்காரரிடம் இரண்டு முறை சொல்லுங்கள். கேட்காமலே போட்டுவிடுவார்கள், மழுங்கிய விளிம்பு திரும்ப வராது. பின்மூடியில் என்ன எழுதியிருந்தாலும் தண்ணீர் படக்கூடாது. கைகழுவும்போது கழற்றிவிடச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு அரை நிமிடம் முன்பின் ஓடினால் அதைப் பழுது என்று எண்ண வேண்டாம். திடீரென்று பல நிமிடங்கள் வேகமாக ஓடத் தொடங்கினால் ஸ்பீக்கர் போன்ற எதன் அருகிலோ வைத்துக் காந்தம் ஏறியிருக்கும், அதைக் கடையில் சில நொடிகளில் நீக்கித் தருவார்கள்.