சின்ன ஃபவுண்டரியில், அதாவது வார்ப்புப் பட்டறையில், இரும்பை எப்படி உருக்கி வார்க்கிறார்கள்?

விடை கார்பனில் இருக்கிறது. வார்ப்பிரும்பு என்பது நூற்றுக்கு 3 முதல் 4 பங்கு கார்பன் கலந்த இரும்பு. சுத்தமான இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வேண்டும், இதுவோ 1150 டிகிரியை ஒட்டியே இளக ஆரம்பித்துவிடும், ஏனென்றால் கார்பன் அணுக்கள் இரும்பு அணுக்களை ஒழுங்காக அடுக்கி உறைய விடுவதில்லை. குல்ஃபி வண்டிக்காரர் ஐஸில் உப்பைப் போட்டதும் அது பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் உருகுகிறதே, அதே சங்கதிதான்.

கோவையில் பம்பு பாகங்கள் வார்க்கும் பட்டறைகளில் கியூபோலா என்ற உயரமான உலை உண்டு. கோக் கரி, பழைய இரும்பு, சுண்ணாம்புக்கல் மூன்றையும் அடுக்கடுக்காகப் போட்டு அடியில் காற்று ஊதுவார்கள். கோக் சூட்டோடு கார்பனையும் கொடுக்கும், சுண்ணாம்பு அழுக்கைக் கசடாக்கி மிதக்க விடும்.

அப்புறம் உருகிய இரும்பை ஊற்றும் மணல் அச்சு. மணலைக் கையில் பிடித்து அழுத்தினால் விரல் தடம் பதிந்து நிற்க வேண்டும், ஆனால் உள்ளங்கை நனையக் கூடாது. ஈரம் கூடினால் ஆவி கிளம்பி வார்ப்புக்குள் ஓட்டை விழும், உருகிய இரும்பு வெளியே தெறிக்கவும் செய்யும், இதில் அலட்சியம் கூடவே கூடாது.

தோசைக்கல் விழுந்து உடைந்தால் மட்டமான இரும்பு என்கிறார்கள், அது தவறு: கார்பன் உள்ளே மெல்லிய தகடுகளாகப் பிரிந்து நிற்பதால் நல்ல வார்ப்பிரும்பும் அப்படித்தான் விரிசல் விடும்.