ஜூலையில் பிள்ளைகளோடு வருகிறோம், மழைச் சேற்றில் சிவனொளிபாத மலை ஏற எந்தச் சப்பாத்து நல்லது?

ஜூலை, பிள்ளைகள் என்றதுமே தெரிகிறது, லண்டனிலோ கனடாவிலோ இருந்து பள்ளி விடுமுறைக்கு வருகிறீர்கள். உங்களுக்கு அது கோடை. அந்த மலை இருக்கிற எங்கள் மஸ்கெலியாப் பக்கம் அப்போதுதான் அடைமழை; மே கடைசியில் பிடித்தால் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று விடாது. மலைக்குப் போகும் காலம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாதத்து வெசாக் பௌர்ணமியோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு படியோரத்து விளக்குகள் எரியாது, வழி நெடுக இருந்த தேநீர்க் கடைகளும் இருக்காது.

ஏறவே முடியாது என்று சொல்லவில்லை. நானும் ஒரு ஜூலையில்தான் ஏறினேன். (உடனே ஒருவர் வந்து, நான் வருடா வருடம் மழையில்தான் போகிறேன் என்று எழுதுவார். போங்கள், யார் வேண்டாம் என்றது.)

அப்போது கொழும்பில் வேலை. கந்தோர் நண்பர்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனேன், 'நான் அந்த ஊர்ப் பிள்ளை' என்று பெருமை வேறு. தண்ணீர் புகாது என்று சொல்லி விற்ற சப்பாத்து ஒன்றை ஒரு மாதச் சம்பளத்தில் பாதி கொடுத்து வாங்கியிருந்தேன். மலையடிவாரத்து நல்லதண்ணி ஊரில் இருந்து இரவு இரண்டு மணிக்கு டோர்ச் அடித்துக்கொண்டு கிளம்பினோம். வழியில் வரும் சீத கங்குலை ஓடையைத் தாண்டுவதற்குள் மழை காலோடு வழிந்து மேசுக்குள் இறங்கிவிட்டது. தண்ணீர் புகாத சப்பாத்துக்குள் மேல்வழியாகப் புகுந்த தண்ணீர் வெளியிலும் போகாது, இதைக் கடைக்காரர் சொல்லவில்லை. 2,243 மீற்றர் உச்சியில் நின்று நாங்கள் பார்த்தது வெள்ளைப் பனிமூட்டம் மட்டும்தான்.

ஆனால் விழுந்தது மலையில் இல்லை. ஐயாயிரத்துச் சொச்சம் படியையும் பாசியில் வழுக்காமல் இறங்கி வந்தவன், பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போகிற குறுக்குப் பாதையில் விழுந்தேன். கால் கிலோமீற்றர் இருக்கும், தேயிலைக்கு நடுவே செங்குத்தான சிவப்பு மண். சப்பாத்தின் அடிப்பள்ளமெல்லாம் களி அடைத்து, அடி பலகை மாதிரி ஆகிவிட்டது. ஒரு காலைத்தான் வைத்தேன், மறு நிமிடம் நான்கு வரிசைத் தேயிலைக்குக் கீழே கிடந்தேன், நண்பர்கள் மேலே நின்று சிரிக்கிறார்கள். கொழுந்துக் கூடையோடு வந்த அத்தைக்கு அறுபது வயது இருக்கும், இடுப்பில் படங்கு, காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. "டேய், வாதைப் புடிக்காத, தூரைப் புடி. குதியை ஊணாத, காலைக் குறுக்கால வை" என்று சொல்லிக்கொண்டே என்னைக் கடந்து இறங்கிப் போனார். அவ்வளவுதான், சேற்றில் இறங்குகிற வித்தையே அதுதான். பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து, சின்னச் சின்ன அடியாக, பிடிப்பதானால் செடியின் அடித்தண்டை.

வீட்டுக்குப் போனதும் கணுக்காலில் ஏழு அட்டை. பிடுங்க வேண்டாம், நகத்தால் வாய்ப்பக்கத்தைத் தள்ளிவிட்டால் விழுந்துவிடும். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, உறையவிடாத ஒன்று அதன் எச்சிலில் இருக்கிறது, பயப்பட வேண்டாம். அத்தை கொழுந்து பறிக்கத் தேயிலை மலைக்குப் போகுமுன் சவுக்காரத்தை ஈரத்தோடு முழங்கால் வரை பூசிக்கொள்வார். கடும் மழையில் அது கழுவுப்படும், திரும்பப் பூச வேண்டும்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்தக் குறுக்குப் பாதைக்குப் படி கட்டித் தருவதாக எனக்குத் தெரிந்து இரண்டு தேர்தலுக்கு முன்னால் நாடா பிடித்து அளந்து போனார்கள். இரண்டு தடவையும் அளவு எழுதிக்கொண்டு போன கொப்பி எங்கே என்று தெரியவில்லை, அத்தை இன்னும் அதே சேற்றில்தான் இறங்குகிறார். நாங்கள் அதே சேற்றில் விழுந்ததைப் படம் பிடித்துப் போட்டு முந்நூறு லைக் வாங்கினோம்.

சரி, சப்பாத்து. விலை கூடியது வேண்டாம். அடிப்பள்ளம் ஆழமாக, தண்ணீர் சட்டென்று வடிகிற லேசான ஒன்று போதும், கூடவே இரண்டு சோடி மேசு. பிள்ளைகள் பத்து வயதுக்குக் குறைவென்றால் ஜூலையில் இந்தப் பக்கமே வேண்டாம், எல்ல என்கிற ஊருக்குப் போங்கள். மலைக்கு அந்தப் பக்கம், அந்த ஊர் இருக்கிற ஊவா மாகாணத்தில் அப்போது காய்ந்த காற்று, தேயிலைக்கு வாசம் ஏறுகிற காலமே அதுதான். அங்கே குட்டிச் சிவனொளிபாதம் என்று ஒரு மலை இருக்கிறது, பிள்ளைகளே ஏறிவிடுவார்கள். பெயரும் ஏறக்குறைய அதுதானே, ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம்.