சுண்டெலிக்கு விட்ட அடைப்பு என் கணவருக்கும் விடுமா?

கேள்வி: என் கணவருக்கு 56 வயது, சர்க்கரை உண்டு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம்தான் ஆகிறது. அதே இடம் மறுபடி சுருங்கிவிட்டது என்கிறார்கள். ஒரு மருந்து சுண்டெலிகளில் இந்தச் சுருக்கத்தைத் தடுத்ததாகச் செய்தியில் படித்தேன். எங்களுக்கு எப்போது கிடைக்கும்?

பதில்: குழாயில் உப்பு படிவது மாதிரி மறுபடி கொழுப்பு படிந்துவிட்டது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படியில்லை. ஸ்டென்ட் வைப்பதற்காக ரத்தக்குழாய்க்குள் பலூனை விரிக்கும்போது அதன் உள்பக்கம் காயப்படுகிறது. அது ஆறும்போது சுவரிலுள்ள தசைச் செல்கள் பெருகி உள்ளே தடிக்கின்றன. வெட்டுக்காயம் சிலருக்குத் தடித்த தழும்பாகிவிடுமே, கிட்டத்தட்ட அதுதான்.

சுண்டெலியின் கழுத்துத் தமனி சுமார் அரை மில்லிமீட்டர் அகலம். எலிக்கு மயக்கம் கொடுத்து, மெல்லிய கம்பியைத் தமனிக்குள் விட்டு உள்பக்கத்தைச் சுரண்டுவார்கள். நான்கு வாரம் கழித்து அந்தத் துண்டை மெலிதாகச் சீவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், உள்ளே புதிதாக ஒரு வளையம் தெரியும். ஒரு மரபணுவை நீக்கிய எலியில் வளையம் மெலிந்திருந்தால், அந்த மரபணுவுக்கு இதில் பங்குண்டு என்று புரியும். மனிதரிடம் இப்படிச் சோதிக்க முடியாது.

சரி, ஆனால் கம்பி போகும் முன் அந்தத் தமனி பெரும்பாலும் சுத்தமாக இருந்தது. உங்கள் கணவருக்கோ பல வருடக் கொழுப்பு, சுண்ணாம்பு, கூடவே சர்க்கரை. ஏற்கெனவே ஒருமுறை சூடு பட்டிருக்கிறோம். சிலாசாப்ரில் என்ற ரத்த அழுத்த மாத்திரை பெரிய எலிகளில் இந்தத் தடிப்பை நன்றாகவே குறைத்தது; அது 1989-ல். 1992-ல் வெளியான நோயாளிகள் ஆய்வில் சுருக்கம் குறையவே இல்லை. எல்லாமே வீண் என்றும் சொல்ல மாட்டேன். ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்து வந்த சிரோலிமஸ் என்ற மருந்து, விலங்குகளில் தசைச் செல் பெருக்கத்தை அடக்கிக் காட்டிய பிறகே மனிதருக்கு வந்தது. இன்று மருந்து பூசிய ஸ்டென்ட்களில் இருப்பது அதுவும் அதன் பங்காளி மருந்துகளும்தான்.

ஆகவே, செய்தியில் வந்த மருந்துக்காகக் காத்திருக்க வேண்டாம். ஸ்டென்ட் முழுசாக விரிந்திருக்கிறதா என்பதை ரத்தக்குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் ஸ்கேனில் பார்த்தார்களா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். விரியாத ஸ்டென்ட்டும் சுருக்கத்துக்கு ஒரு காரணம். மருந்து பூசிய பலூன், இன்னொரு ஸ்டென்ட், பைபாஸ் எல்லாம் அதைப் பொறுத்தே முடிவாகும். ஆஸ்பிரினையும் கூடவே தரும் ரத்தம் உறையாத மாத்திரையையும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சுவலி வந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.