கரண்டி யார் கையில்?

கேள்வி: அகதி முகாமுக்குப் போகும் தொண்டு நிறுவனங்கள் சோறு போட்டோம், மருந்து கொடுத்தோம் என்று வந்துவிட வேண்டியதுதானே? நடுவில் எதற்கு அரசியல்? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: சோறு போடுவதில்தான் அரசியலே இருக்கிறது. கரண்டி யார் கையில் என்று பாருங்கள்.

1994 ஜூலை. ருவாண்டாவில் நூறு நாட்களில் சிறுபான்மை டுட்சி மக்கள், பெரும்பான்மை ஹூட்டு இனத்துத் தீவிரவாதிகளால் லட்சக்கணக்கில் வெட்டிக் கொல்லப்பட்டிருந்தார்கள். டுட்சிகள் தலைமையிலான கிளர்ச்சிப் படை நாட்டைப் பிடித்ததும், ஹூட்டு மக்கள் பயந்து எல்லை தாண்டி பக்கத்து நாடான ஜைரின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) கோமா நகருக்கு ஓடினார்கள். சில நாட்களில் பல லட்சம் பேர். தரையெல்லாம் எரிமலைப் பாறை; கக்கூஸுக்கும் குழி தோண்ட முடியாது, பிணத்துக்கும் தோண்ட முடியாது. காலரா பல்லாயிரம் பேரை வாரிக்கொண்டு போனது. அந்த நேரத்தில் ஓடிப்போய் உதவியவர்களைக் குறை சொல்ல நாக்கு கூசும்.

ஆனால் கூட்டத்தோடு கூட்டமாகக் கொலைகாரர்களும் வந்திருந்தார்கள். தோற்ற ராணுவம், இன்டரஹாம்வே என்ற கொலைப்படையின் குண்டர்கள், கொலைக்கு ஆள் திரட்டிய ஊர்த்தலைவர்கள். ஊரில் அதிகாரம் செய்தவர்களே முகாமிலும் செய்தார்கள். தலைக்கணக்கு கொடுத்தது அவர்கள்; மாவும் பருப்பும் எண்ணெயும் போனது அவர்கள் வழியாக. இல்லாத தலைக்கு வந்த மூட்டை சந்தையில் காசானது. ஊருக்குத் திரும்பலாம் என்று வாயெடுத்தவர்களை அடித்தே கொன்றார்கள்.

அந்த நவம்பரில் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பின் பிரெஞ்சுக் கிளை, கொலைகாரர்களுக்குத் தீனி போட மாட்டோம் என்று கிளம்பிவிட்டது. அதே அமைப்பின் பெல்ஜியக் கிளையும் டச்சுக் கிளையும் அப்போதைக்குத் தங்கிவிட்டன. பசித்த பிள்ளை என்ன பாவம் செய்தது என்பது அவர்கள் கேள்வி. இரண்டு பேரையும் நான் மதிக்கிறேன், இருவருமே அரசியல் பேசினார்கள் என்பதால்.

பேசாமல் இருப்பதற்கும் ஒரு பயன் உண்டு, சரி. செஞ்சிலுவைக்காரரைச் சிறைக்குள் விடுவதே வெளியே வந்து வாய் திறக்கமாட்டார் என்பதால்தான். ஆனால் 1942 அக்டோபரில், ஹிட்லர் ஆட்சி யூதர்களைக் கொன்று குவித்தபோது, செஞ்சிலுவையின் ஜெனீவா தலைமையகத்தில் ஓர் அறிக்கையை எழுதி வைத்துக்கொண்டு வெளியிடாமல் விட்டார்கள். பிற்காலத்தில் அவர்களே அதற்காக வருந்தினார்கள்.

அரசியல் செய்திருக்க வேண்டியவர்கள் வேறு. கோமாவில் ஆயுதக்காரர்களைப் பிரித்தெடுக்கப் படை வேண்டும் என்று ஐ.நா. கேட்டபோது, மூட்டை மூட்டையாக உணவு அனுப்பிய நாடுகள் சிப்பாய் அனுப்ப மாட்டோம் என்றன. கடைசியில் 1995இல் ஐ.நா. அகதிகள் ஆணையம் ஜைரின் சர்வாதிகாரி மொபுட்டுவின் சிப்பாய்களுக்கே சம்பளம் கொடுத்து முகாமுக்குக் காவல் வைத்தது.