பைன் ரிட்ஜ் மளிகைக்கடை

கேள்வி: மளிகைக்கடைக்காரர்களை வைத்தே வருடக்கணக்கில் ஓடிய அமெரிக்க வானொலி நகைச்சுவை ஒன்று உண்டாமே, அதைப் பற்றிச் சொல்லுங்களேன்.
- ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: 'லம் அண்ட் ஆப்னர்'தானுங்க அது. 1931-இல் ஆரம்பித்தது. ஆர்கன்சஸ் மலைக்கிராமம் ஒன்றில் கடை நடத்தும் இரண்டு பெரியவர்கள், ஸ்குவயர் ஸ்கிம்ப் என்ற எத்தன் சொல்வதையெல்லாம் நம்பிப் பணத்தைப் போட்டு மாட்டிக்கொள்வார்கள், அப்புறம் அதிலிருந்து மீள்வதே பல நாள் கதையாக ஓடும். செஸ்டர் லாக், நோரிஸ் காஃப் என்ற இரண்டே நடிகர்கள் ஊர்க்காரர்கள் பலரின் குரலிலும் மாறி மாறிப் பேசினார்கள், எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம். வாட்டர்ஸ் என்ற நிஜ ஊரே 1936-இல் தன் பெயரை நாடகத்து ஊரின் பெயரான பைன் ரிட்ஜ் என்று மாற்றிக்கொண்டது! அந்தியூர்ச் சந்தைக்குப் போகிற வழியில் கடைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்கிற பேச்சு மாதிரியே இருக்கும். பழைய ஒலிப்பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன, அவசியம் கேளுங்க.