கேள்வி – பதில்: சார்ட் இருந்த இடத்தில் சிவப்புப் பெருக்கல் குறி

கேள்வி: சி ஷார்ப்பில், விண்டோஸ் ஃபார்ம்ஸில் ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறேன். சீரியல் போர்ட் வழியாக நொடிக்கு 10 தடவை வெப்பநிலை வரும், அதை சார்ட் கன்ட்ரோலில் கோடாகக் காட்டுகிறேன். ஆரம்பத்தில் அருமையாக ஓடுகிறது. முக்கால் மணி, ஒரு மணி நேரம் கழித்து, பட்டியல் மாறிவிட்டது, தொடர்ந்து படிக்க முடியாது என்கிற மாதிரி ஒரு எர்ரர் பெட்டி வருகிறது. கன்டினியூ கொடுத்தால் சார்ட் வெள்ளையாகி, மூலைக்கு மூலை சிவப்பில் ஒரு பெருக்கல் குறி நிற்கிறது. புள்ளி சேர்க்கிற வரியைச் சுற்றி ட்ரை-கேட்ச் (எர்ரர் வந்தால் பிடிக்கிற கட்டம்) போட்டேன், எதுவும் சிக்கவில்லை. டீடெய்ல்ஸ் அழுத்திப் பார்த்தால் என் ஃபங்ஷன் பெயர் ஒன்றுகூட இல்லை. கன்ட்ரோலிலேயே பக் இருக்கிறதா?

பதில்: டீடெய்ல்ஸைத் திறந்து பார்த்தீர்கள் பாருங்கள், விடை அங்கேதான் இருக்கிறது. உங்கள் ஃபங்ஷன் பெயர் இல்லை, ஆனால் ஆன்பெயின்ட் என்று ஒன்று இருந்திருக்கும். அதாவது எக்செப்ஷன், அந்த எர்ரர், வந்தது புள்ளியைச் சேர்க்கும்போது இல்லை, திரையில் வரையும்போது. அதனால்தான் உங்கள் ட்ரை-கேட்ச் வெறும் கையோடு திரும்பியது.

நடப்பது இதுதான். ஒரு புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடுகிற வேலைச் சரடுதான் த்ரெட். அளவு வந்துவிட்டது என்று சொல்கிற சீரியல் போர்ட்டின் டேட்டாரிசீவ்டு ஈவென்ட் ஃபார்ம் ஓடுகிற த்ரெட்டில் வராது, பின்னணியில் வேறொரு த்ரெட்டில் வரும். நீங்கள் அங்கிருந்தே நேராகப் புள்ளியைச் சேர்க்கிறீர்கள். அதே நேரத்தில் ஃபார்மின் த்ரெட் அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் படித்து வரைந்துகொண்டிருக்கிறது. டாட்நெட்டின் லிஸ்ட் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு எண் இருக்கும், லிஸ்ட்டில் எதைச் சேர்த்தாலும் எடுத்தாலும் அந்த எண் ஏறும். ஃபார்ஈச்சில், அதாவது உருப்படிகளை ஒவ்வொன்றாக எடுக்கிற லூப்பில், படிக்கிறவர் அடுத்த உருப்படிக்குப் போகும்போதெல்லாம் அந்த எண் பழையபடியே இருக்கிறதா என்று பார்ப்பார், மாறியிருந்தால் உடனே எக்செப்ஷன்.

அப்படியானால் ஏன் முதல் நிமிடத்திலேயே வரவில்லை? கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு அளவுகளுக்கு நடுவில் உங்களுக்கு 100 மில்லிசெகண்ட் இடைவெளி இருக்கிறது. ஆரம்பத்தில் சில நூறு புள்ளிகள்தான், அடுத்த அளவு வருவதற்குள் வரைந்து முடிந்துவிடும், இரண்டு த்ரெட்டும் மோதிக்கொள்ள வாய்ப்பு மிகக் குறைவு. ஒரு மணி நேரம் ஓடினால் 36,000 புள்ளிகள். வரைகிற நேரம் வளர்ந்துகொண்டே போய் அந்த இடைவெளியைத் தொடுகிறது, ஒரு நாள் சீக்கிரம், ஒரு நாள் தாமதமாக மோதுகிறது. இந்த மாதிரி பக்தான் ஆளைத் திணறடிக்கும், ஏனென்றால் சோதித்துப் பார்க்கிற பத்து நிமிடத்தில் அது தலைகாட்டாது.

குறி ஒருமுறை வந்துவிட்டால் ரெஃப்ரெஷ் போட்டெல்லாம் போகாது. வரையும்போது எக்செப்ஷன் வந்த கன்ட்ரோலை விண்டோஸ் ஃபார்ம்ஸ் குறித்து வைத்துக்கொள்ளும், அப்புறம் அதை வரையச் சொல்லாமல் குறியை மட்டுமே காட்டும். அந்த சார்ட்டை எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்குவதுதான் வழி.

சரி, தீர்வுக்கு வருவோம். பின்னணி த்ரெட் சார்ட்டைத் தொடவே கூடாது. வருகிற அளவை ஒரு கன்கரன்ட்கியூவில் (பல த்ரெட்டும் ஒரே நேரத்தில் பயமில்லாமல் தொடக்கூடிய வரிசை) போட்டுவிட்டுப் போகட்டும். ஃபார்மில் ஒரு டைமர் வைத்து, 200 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை கியூவில் இருப்பதையெல்லாம் எடுத்து சார்ட்டில் சேருங்கள். டூல்பாக்ஸில் இருக்கிற விண்டோஸ் ஃபார்ம்ஸ் டைமரையே எடுங்கள். சிஸ்டம் டாட் டைமர்ஸில் அதே பெயரில் இன்னொன்று இருக்கிறது, அது வேறு த்ரெட்டில் ஓடும், அதைப் போட்டால் பழைய கதைதான். இன்வோக் போட்டும், அதாவது புள்ளி சேர்க்கிற வேலையை ஃபார்மின் த்ரெட்டிடமே கொடுத்து முடியும்வரை காத்திருந்தும், இதைச் சரிசெய்யலாம், ஆனால் ஃபார்மை மூடும்போது போர்ட்டையும் மூடினால் இரண்டு த்ரெட்டும் ஒன்றுக்கொன்று காத்துக்கிடந்து புரோகிராம் அப்படியே உறைந்துபோகலாம், அதனால் எனக்கு கியூதான் பிடிக்கும். கூடவே பழைய புள்ளிகளை நீக்கிக்கொண்டே வாருங்கள். கடைசிப் பத்து நிமிடம் போதும் என்றால் 6,000 புள்ளிகள்தான், ஆயிரத்துச் சொச்சம் பிக்சல் அகலத்தில் 36,000 புள்ளிகளை வைத்து யாரும் எதையும் படிக்க முடியாது.

கேள்வி: அதே சார்ட் கன்ட்ரோலில் இரண்டு பிரிவுகளின் மாதவாரி எண்ணிக்கையைக் காட்டுகிறேன். எர்ரர் எதுவும் இல்லை, ஆனால் இரண்டாவது பிரிவின் ஏப்ரல் எண்ணிக்கை மார்ச்சுக்கு மேல் நிற்கிறது. டேட்டாபேஸில் சரியாகத்தான் இருக்கிறது.

பதில்: முந்தைய கேள்வியைவிட இதுதான் எனக்குக் கவலை தருகிறது. சிவப்புக் குறி வந்தால் ஏதோ உடைந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும், இதுவோ அழகான படமாக வந்து தப்பான எண்ணைக் காட்டுகிறது. இரண்டாவது பிரிவுக்கு மார்ச் மாதப் பதிவே இருக்காது, பாருங்கள். எக்ஸ் மதிப்பாக மாதப் பெயரை எழுத்தாகக் கொடுத்தால் இந்த கன்ட்ரோல் அதை லேபலாக மட்டுமே வைத்துக்கொள்ளும், உண்மையான எக்ஸ் மதிப்பு எல்லாப் புள்ளிக்கும் பூஜ்யம். எல்லாமே பூஜ்யமானால் முதல் புள்ளி, இரண்டாம் புள்ளி என்று வரிசைப்படி அடுக்கிவிடும். உங்கள் இரண்டாவது சீரிஸில் (ஒரு பிரிவின் புள்ளிகள் சேர்ந்தது ஒரு சீரிஸ்) மூன்றாம் புள்ளி ஏப்ரல், முதல் சீரிஸில் மூன்றாம் புள்ளி மார்ச், அச்சில் எழுதுவதோ முதல் சீரிஸின் லேபலை.

மாதப் பெயருக்குப் பதிலாக அந்த மாதத்தின் முதல் தேதியை டேட்டைமாகவே (எழுத்தாக இல்லாமல் தேதி வகையாக) கொடுங்கள், அச்சின் லேபல் ஃபார்மேட்டில் மாதம் மட்டும் தெரியும்படி வைத்துக்கொள்ளலாம். அப்போது ஏப்ரல் ஏப்ரலில்தான் நிற்கும், மார்ச் காலியாக இருக்கும். எழுத்தாகத்தான் கொடுக்க வேண்டும் என்றால், லேபலை வைத்துப் புள்ளிகளை ஒழுங்குபடுத்த அலைன்டேட்டாபாயின்ட்ஸ்பைஆக்சிஸ்லேபல் என்று சார்ட்டிலேயே ஒரு மெத்தட் இருக்கிறது, புள்ளிகளைச் சேர்த்து முடித்த பிறகு அதைக் கூப்பிடுங்கள்.

இதைத் திருத்தியதோடு விட்டுவிடாதீர்கள். இதே புரோகிராமிலிருந்து ஏற்கெனவே அச்செடுத்துக் கொடுத்த அறிக்கைகளில், இரண்டு சீரிஸிலும் அதே மாதங்கள் இல்லாதவற்றைத் தேடி எடுத்து, வாங்கிப் போனவர்களிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.