தோபா ஏரியும் பாப்பாவின் பயமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மே விடுமுறையில் குடும்பத்தோடு சுமத்ராவின் தோபா ஏரிக்குப் போகிறோம். நான்கு நாள். பராபத்தில் தங்கலாமா, ஏரிக்குள் இருக்கும் சமோசிர் தீவில் துக்துக்கில் தங்கலாமா? கயாக், மலையேற்றம், அருவி, வெந்நீர் ஊற்று எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா? அது எரிமலை வாய் என்று சொன்னதிலிருந்து ஒன்பது வயது மகள் "நாம இருக்கும்போது வெடிச்சா?" என்று தூங்காமல் கேட்கிறாள். வீட்டில் ஒரே சிரிப்பு.

செந்தில்

அன்புள்ள செந்தில்,

துக்துக்கில் தங்குங்கள். பராபத் படகு ஏறும் இடம், அவ்வளவுதான். 100 கிலோமீட்டர் நீள ஏரியை நான்கு நாளில் யாரும் பார்த்து முடித்ததில்லை. கயாக் உங்கள் பாடு.

பாப்பாவைப் பார்த்து ஏன் சிரித்தீர்கள்? உங்கள் கடிதத்தில் உருப்படியான கேள்வி அவளுடையது ஒன்றுதான். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அந்த மலை வெடித்து உள்வாங்கிய பள்ளத்தில்தான் ஏரி நிற்கிறது. சாம்பல் வங்கக்கடலைத் தாண்டி ஆந்திராவில் கர்நூல் பக்கம் ஜ்வாலாபுரம் வரை வந்து படிந்தது. அங்கே அந்தச் சாம்பலுக்குக் கீழேயும் கல் கருவிகள் கிடைத்தன, மேலேயும் கிடைத்தன. அதற்குப் பிறகும் யாரோ உட்கார்ந்து கல் செதுக்கியிருக்கிறார்கள்! இதை அவளிடம் சொல்லுங்கள். நீங்கள் தூங்கப்போகும் சமோசிரும் ஒரு காலத்தில் ஏரியின் அடித்தரை. கீழேயிருந்து பாறைக்குழம்பு நெம்பி மேலே தூக்கிய நிலம். இதையெல்லாம் கேட்டு ஒரு பிள்ளை தூங்காவிட்டால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

சிரிப்பைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும். பல வருடங்களுக்கு முன் அதே ஏரியில் படகேறினேன். லைஃப் ஜாக்கெட்டுகளைக் கூரையடியில் கயிறு போட்டு இறுகக் கட்டியிருந்தார்கள். என் மகனுக்கு ஒன்று கேட்டேன். படகுக்காரர் சிரித்தார், பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். வெட்கமாகிப்போய் நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அக்கரை சேரும்வரை அவன் சட்டைக் காலரை விடவில்லை. கேட்டு வாங்கியிருக்க வேண்டும். கோழைத்தனம்தான், வேறென்ன.

2018 ஜூனில், ரம்ஜான் விடுமுறைக் கூட்டத்தில், சமோசிரின் சிமனிந்தோவிலிருந்து அக்கரையில் திகாராஸ் போன படகு கவிழ்ந்தது. தாங்குகிற அளவைவிடப் பல மடங்கு ஆட்கள். ஜாக்கெட் எல்லோருக்கும் இல்லை. 160 பேருக்கு மேல் கிடைக்கவே இல்லை. படகு கிடந்த ஆழம் சுமார் 450 மீட்டர். செய்தியைப் படித்த அன்று இரவு மகனுக்குப் போன் செய்தேன். என்ன விஷயம் என்று கேட்டான். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன்.

எரிமலையைப் பற்றி உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. சரி, அது உங்கள் நான்கு நாளைக் குறிவைத்து உட்கார்ந்திருக்கவில்லை. ஆனால் கடிதம் முழுக்கப் படகைப் பற்றி ஒரு வரி உண்டா? பாப்பாவுக்குப் பயம் சரியாகத்தான் வந்திருக்கிறது, இடம்தான் கொஞ்சம் தள்ளிப்போய்விட்டது. கூட்டமாக இருந்தால் அந்தப் படகை விடுங்கள், அடுத்தது வரும். ஜாக்கெட்டைக் கையில் வாங்கி மாட்டிய பிறகுதான் உட்கார வேண்டும். எவன் சிரித்தாலும் சிரிக்கட்டும்.

சமோசிரில் உள்ள பங்குருரான் ஊருக்குப் பக்கத்தில் புசுக் புஹித் மலையடிவாரத்தில்தான் வெந்நீர் ஊற்று. கந்தக வாடை வரும். முதலில் உங்கள் கையை வைத்துப் பார்த்துவிட்டு அவள் காலை நனைக்கச் சொல்லுங்கள். அடியில் இன்னும் சூடு ஆறவில்லை என்று அவளுக்கே தெரியும்.

அப்புறம், அவள் அளவுக்கு ஒரு ஜாக்கெட்டை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். நான் அங்கே பார்த்ததெல்லாம் பெரியவர்கள் அளவு.